எம்.எல்.ஏ.விடம் எதைக் கேட்கலாம்? சட்டமன்ற உறுப்பினரின் அரசியல் வாழ்வு: ஓர் எளிய விளக்கம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் பாம்பன், மண்டபம், இராமேசுவரம் கரைகளில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். படகுக்கு வண்ணம் பூசுவதும் வலை பழுது பார்ப்பதுமாக வேலை நடந்துகொண்டிருக்க, கூடவே அரசியல் பேச்சும் நடக்கும். அப்படியொரு காலையில் கரையில் உட்கார்ந்திருந்தபோது, இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து குறைகள் என் காதில் விழுந்தன. இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகு திரும்பவில்லை. ரயில் வரும் நேரம் ஊருக்குத் தோதாக இல்லை. காவிரிக் குடிநீர் குழாயில் வருவதில்லை. தெருவிளக்கு எரிவதில்லை. கடல் அரித்து வீடுகளை நெருங்குகிறது, தூண்டில் வளைவு கட்டித் தரவில்லை. ஐந்துக்கும் முடிவாக ஒருவர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "எம்.எல்.ஏ. நினைச்சா ஒரு போன்ல முடிச்சிரலாம்ணே."

அந்த வாக்கியத்தை நாம் எல்லோருமே ஏதாவது ஒரு நாளில் சொல்லியிருக்கிறோம். அது பெருமளவு தவறு. அந்தத் தவற்றால் இரண்டு தீங்குகள் விளைகின்றன. சட்டமன்ற உறுப்பினரால் செய்ய முடியாதவற்றுக்காக அவரைத் திட்டுகிறோம். அவர் கட்டாயம் செய்தாக வேண்டியவற்றை அவரிடம் கேட்காமலே விட்டுவிடுகிறோம். இரண்டாவதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. ஒரு சட்டமன்ற உறுப்பினர் எப்படி உருவாகிறார், பேரவையில் அவருக்கு என்ன வேலை, எதற்கெல்லாம் அவர் கட்டுப்பட்டவர், பதவி எப்படிப் போகிறது என்பதைப் புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சங்கத்தின் சார்பில் போகிறவர்

நமக்குப் பழக்கமான ஒன்றிலிருந்து தொடங்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மீனவர் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும்போது கரையிலுள்ள அத்தனை பேரும் அங்கே போவதில்லை. சங்கத்தின் சார்பில் ஓரிருவர் போகிறார்கள். டீசல் மானியம் பற்றியும், கடலுக்குப் போக வழங்கப்படும் டோக்கன் பற்றியும், இறங்குதளத்தில் மணல் மேடிட்டிருப்பது பற்றியும் அவர்கள் எழுந்து பேசுகிறார்கள். அப்படிப் போகிறவருக்குத் தாமாக டோக்கன் வழங்கவோ மணலைத் தூர்வார உத்தரவிடவோ அதிகாரம் இல்லை. கேட்பதும், கேட்டதற்குப் பதில் வாங்குவதும், பதில் தவறினால் திரும்பக் கேட்பதும் அவருடைய வேலை. பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து அவர் சொல்லுக்கு எடை கூடுகிறது.

சட்டமன்ற உறுப்பினரும் அடிப்படையில் அப்படிப் போகிறவர்தான். ஆனால் அவர் போய் அமரும் இடம் மனு வாங்கும் இடம் மட்டுமன்று. சட்டம் இயற்றும் இடம், அரசின் வரவுசெலவுக்கு ஒப்புதல் தரும் இடம், ஆட்சியையே நிலைநிறுத்தவோ கவிழ்க்கவோ கூடிய இடம். தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையில் 234 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இராமநாதபுரம் மாவட்டம் அவர்களில் நால்வரை அனுப்புகிறது. பரமக்குடி, திருவாடானை, இராமநாதபுரம், முதுகுளத்தூர் ஆகியவை அந்த நான்கு தொகுதிகள். கடலாடி என்றொரு தொகுதியும் முன்பு இருந்தது. 2008-ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறையில் அது நீங்கியது. தொகுதி மறுவரையறை என்பது மக்கள்தொகையைக் கணக்கில் கொண்டு தொகுதிகளின் எல்லைகளைத் திருத்தி அமைப்பதாகும்.

நான்கில் பரமக்குடி தனித்தொகுதி. அங்கே பட்டியல் சாதியினர் மட்டுமே வாக்களிக்கலாம் என்று நினைப்பவர்களை நான் இன்றும் சந்திக்கிறேன். அது சரியன்று. வேட்பாளர் மட்டுமே பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். வாக்களிக்கும் உரிமை தொகுதியின் வாக்காளர் அனைவருக்கும் உண்டு, வென்றவர் பிரதிநிதித்துவம் செய்வதும் அனைவரையும்தான்.

கடலில் ஓடும் கோடுகள்

கரையில் கேட்ட ஐந்து குறைகளுக்கு வருவோம். எந்தப் பொருளில் யார் சட்டம் இயற்றலாம் என்பதை அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை மூன்று பட்டியல்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்றிய அரசுக்குரியது ஒன்றியப் பட்டியல், மாநிலத்துக்குரியது மாநிலப் பட்டியல், இருவருக்கும் பொதுவானது பொதுப் பட்டியல். கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரித்தபோது இந்தக் கண்மாய்ப் பாசனம் உனக்கு, அந்தப் பனங்காடு எனக்கு, கிணறு இருவருக்கும் பொது என்று எழுதிக்கொண்டதைப் போன்றது இது.

இந்தப் பிரிவினை இராமநாதபுரம் கரையில் இருக்கும் அளவுக்கு வேறெங்கும் கண்கூடாகத் தெரியாது என்பது என் எண்ணம். ஏனென்றால் இங்கே அது கடலின் மேலேயே ஓடுகிறது. மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். அதனால்தான் தமிழ்நாடு சட்டமன்றத்தால் 1983-இல் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்ற முடிந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகுகள் தொழில் செய்யக் கூடாது, அந்தப் பகுதி நாட்டுப்படகுகளுக்கு உரியது என்னும் விதி அதன் வழியாக வந்தது. ஒரு கடல் மைல் என்பது ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். நாட்டுப்படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் இடையே அந்தக் கோடு பற்றி எழும் வழக்குகள் எல்லாம் மாநிலச் சட்டத்துக்குள் வருபவை; அவை எம்.எல்.ஏ.விடம் கொண்டுபோக வேண்டியவை.

ஆனால் கரையிலிருந்து 12 கடல் மைல் வரை விரியும் நாட்டின் கடற்பரப்புக்கு அப்பால் நடக்கும் மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. அயல்நாடுகளோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களும் அங்கேதான் இருக்கின்றன. தனுஷ்கோடியை ஒட்டிக் கடல் குறுகலானது. அங்கே 12 கடல் மைலை எட்டுவதற்கு முன்பே, இந்தியாவும் இலங்கையும் வகுத்துக்கொண்ட எல்லைக்கோடு வந்துவிடுகிறது. கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்ட 1974 ஒப்பந்தம் ஒன்றிய அரசு செய்தது. அதைத் திருத்தும் அதிகாரமும் ஒன்றிய அரசிடமே இருக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரல் 2-ஆம் நாள் கச்சத்தீவை மீட்க வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. இங்கே தீர்மானம் என்பது பேரவையின் கருத்தை முறைப்படி அறிவிப்பதாகும். அதற்குச் சட்டத்தின் கட்டாயப்படுத்தும் வலிமை இல்லை. ஆகவே பிடிபட்ட படகை ஒரு போனில் எம்.எல்.ஏ. மீட்டுவிட முடியாது. முதலமைச்சர் வழியாக ஒன்றிய அரசுக்குக் கடிதம் போகச் செய்யலாம். வருமானம் இழந்த குடும்பத்துக்கு மாநில அரசின் நிவாரணம் கிடைக்கச் செய்யலாம். அந்த இரண்டாவதை அவரிடம் உரிமையோடு கேட்கலாம்.

மற்ற நான்கையும் விரைவாகப் பார்த்துவிடலாம். ரயில் ஒன்றியத்தினுடையது, அதற்கு நாடாளுமன்ற உறுப்பினரிடம் போக வேண்டும். தெருவிளக்கு ஊராட்சி அல்லது நகராட்சியின் வேலை. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நடத்துவது மாநில அரசின் குடிநீர் வாரியம், ஊருக்குள் குழாய் வழியாக நீரைப் பங்கிடுவது உள்ளாட்சி. அதனால் தண்ணீர் வாரியத்திடமே நின்றுவிடுகிறதா, ஊரின் மேல்நிலைத் தொட்டி வரை வந்து நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தூண்டில் வளைவு, அதாவது அலையின் வேகத்தைத் தணிக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கல்தடுப்பு, மாநில அரசின் பணி. எனவே ஐந்தில் முழுமையாக எம்.எல்.ஏ.வுக்குரியது ஒன்று, பாதி உரியவை இரண்டு.

அந்த இடத்துக்கு வருவது எப்படி

சட்டம் கேட்கும் தகுதிகள் மிகக் குறைவு. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்; 25 வயது நிரம்பியிருக்க வேண்டும்; மாநிலத்தின் ஏதாவதொரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். அதே தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால்தான் "வெளியூர்க்காரர்" ஒருவர் நம் தொகுதியில் நிற்க முடிகிறது. வைப்புத்தொகை 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவர் அந்தத் தொகையை இழக்கிறார். "டெபாசிட் போச்சு" என்று நாம் சொல்வது இதைத்தான். வேட்பாளர் செய்யலாம் என்று தேர்தல் ஆணையம் 2022-இல் உயர்த்தி நிர்ணயித்த செலவு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய்.

சட்டம் கேட்காத தகுதி ஒன்று இருக்கிறது, உண்மையில் அதுவே கடினமானது. கட்சியின் "சீட்" கிடைக்க வேண்டும். பெரும்பாலான உறுப்பினர்களின் அரசியல் வாழ்வு கிளைச் செயலாளர், ஒன்றியச் செயலாளர் என்று தொடங்கி, ஊராட்சித் தலைவர் அல்லது ஒன்றியக் கவுன்சிலர் பதவி வழியாக மேலேறி, பத்து இருபது ஆண்டுகள் கடந்த பின்பே தலைமையின் கண்ணில் படுகிறது. சிலர் குடும்பத்தின் வழியாகவும், சிலர் வேறு துறையில் பெற்ற புகழின் வழியாகவும் நேரே வருகிறார்கள். எப்படி வந்தாலும், கட்சித் தலைமை கையொப்பமிட்டு அனுப்பும் படிவம் இல்லாமல் கட்சியின் சின்னம் கிடைக்காது. அந்த ஒரு தாள் அவருடைய பிற்கால நடத்தை முழுவதையும் கட்டிப்போடுகிறது என்பதை அடுத்து வரும் பகுதிகளில் காண்போம்.

இரண்டு இடங்களில் வென்றவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கும் நம் மாவட்டமே எடுத்துக்காட்டு தருகிறது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் 1952-இலும் 1957-இலும் நாடாளுமன்றத்துக்கும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதிக்கும் ஒரே நேரத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதல்முறை சட்டமன்ற இடத்தை வைத்துக்கொண்டார். இரண்டாம் முறை நாடாளுமன்ற இடத்தை வைத்துக்கொண்டதால் முதுகுளத்தூரில் இடைத்தேர்தல் வந்தது. இரண்டு அவைகளிலும் ஒருவர் உறுப்பினராகத் தொடர முடியாது என்பது விதி.

பேரவைக்குள் அவருடைய கருவிகள்

உறுதிமொழி எடுத்துக்கொண்ட பிறகே ஒருவர் பேரவையில் அமர்ந்து வாக்களிக்க முடியும். அதன்பின் அவர் கையில் இருப்பவை சில கருவிகள். கேள்வி நேரத்தில் அமைச்சரிடம் கேள்வி கேட்கலாம். அவசரமான பொது நிகழ்வு ஒன்றைச் சுட்டி அமைச்சரின் பதிலைப் பெறுவது கவன ஈர்ப்புத் தீர்மானம். ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய பணத்தைப் பேரவையிடம் கேட்பது மானியக் கோரிக்கை. அதன் மீது நடக்கும் விவாதத்தில் தொகுதியின் தேவைகளைப் பதிவு செய்யலாம். மீன்வளத் துறையின் மானியக் கோரிக்கை நடக்கும் நாள் நம் கரைக்கு ஆண்டின் மிக முக்கியமான நாள் என்றே சொல்வேன். அன்று நம் உறுப்பினர்கள் என்ன பேசினார்கள் என்று தேடிப் படிப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கையில் வருத்தமாக இருக்கிறது.

இவை தவிர, கூட்டத்தொடர் நடக்காத காலத்திலும் இயங்கும் குழுக்கள் இருக்கின்றன. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, மனுக்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு என்பவை அவற்றுள் சில. கேமராவுக்கு முன் நிற்கும் வேலையன்று இது. கோப்புகளைப் படித்து அதிகாரிகளிடம் கணக்குக் கேட்கும் வேலை. நல்ல உறுப்பினரை அடையாளம் காண எனக்குத் தெரிந்த சிறந்த இடம் இந்தக் குழுக்களே.

மாநிலங்களவை உறுப்பினர்களையும் எம்.எல்.ஏ.க்களே தேர்ந்தெடுக்கிறார்கள். குடியரசுத் தலைவர் தேர்தலிலும் அவர்களுக்கு வாக்கு உண்டு. அதில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176.

சுருங்கச் சொன்னால், எம்.எல்.ஏ.வின் உண்மையான அதிகாரம் கேட்பதிலும் வாக்களிப்பதிலும் இருக்கிறது. உத்தரவிடும் அதிகாரம் அமைச்சருக்கும் அதிகாரிக்கும் உரியது.

கொறடாவும் கட்சித் தாவலும்

வாக்களிப்பதிலாவது அவருக்கு முழுச் சுதந்திரம் உண்டா என்றால், பெரும்பாலும் இல்லை. இதைப் புரிந்துகொள்ளக் கரையில் ஒரு நல்ல ஒப்புமை இருக்கிறது. மீனவர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டால் ஒரு விசைப்படகும் கடலுக்குப் போகக் கூடாது. தனக்கு அன்றைய நாள் எவ்வளவு நெருக்கடியாக இருந்தாலும் படகுக்காரர் கட்டுப்பட்டாக வேண்டும். மீறிப் போனால் சங்கம் நடவடிக்கை எடுக்கும். கட்டுப்பாடு இருப்பதால்தான் சங்கத்தின் சொல்லுக்கு மதிப்பு என்று ஒருவர் சொல்வார், என் படகை நான் ஓட்ட யாரைக் கேட்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டிலும் நியாயம் உண்டு.

பேரவையில் அந்தக் கட்டுப்பாட்டைப் பிறப்பிப்பவர் கொறடா. முக்கியமான வாக்கெடுப்பில் இப்படி வாக்களியுங்கள் என்று தம் கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவு அனுப்பும் பொறுப்பில் இருப்பவர் அவர். 1985-இல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பத்தாம் அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், அந்த உத்தரவுக்குப் பல்லைக் கொடுத்தது. கட்சியின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ உறுப்பினர் பதவி பறிபோகலாம். தானாகக் கட்சியை விட்டு விலகினாலும் போகும். சுயேச்சையாக வென்றவர் பின்னர் ஒரு கட்சியில் சேர்ந்தாலும் போகும். முடிவெடுப்பவர் பேரவைத் தலைவர். அவருடைய முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்.

"தானாக விலகுதல்" என்பதற்கு விலகல் கடிதம் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நடத்தையிலிருந்தே அதை முடிவு செய்யலாம். பரமக்குடித் தொகுதிக்கு இது நன்றாகத் தெரியும். 2017-இல் அ.தி.மு.க. உறுப்பினர்கள் சிலர் முதலமைச்சருக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவர்கள் பேரவையில் எதிர்த்து வாக்களிக்கவில்லை. ஆயினும் அந்தச் செயலே கட்சியிலிருந்து விலகியதற்குச் சமம் என்று கொண்டு பேரவைத் தலைவர் 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். பரமக்குடியின் உறுப்பினர் அவர்களுள் ஒருவர். சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் அந்த முடிவை உறுதி செய்தது. 2019 ஏப்ரலில் பரமக்குடி மக்கள் இடைத்தேர்தலில் வாக்களித்தார்கள். இடையில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் அந்தத் தொகுதிக்குப் பேரவையில் குரல் இல்லை. கட்சிக்கும் உறுப்பினருக்கும் நடந்த வழக்கில் வாக்காளர் இழந்தது அது. இச்சட்டத்தின் தேவையை ஏற்கும் நானும் அந்த இழப்பை எளிதாகக் கடந்து போக முடியவில்லை.

சின்னத்தின் தாள் கட்டிப்போடும் என்று முன்பு சொன்னது இங்கே பொருந்துகிறது. 2016-இல் திருவாடானையில் வென்ற நடிகர் கருணாஸ் தனியாக ஓர் அமைப்பின் தலைவர். ஆனால் அவர் நின்றது இரட்டை இலைச் சின்னத்தில். எனவே பேரவையின் கணக்கில் அவர் அ.தி.மு.க. உறுப்பினரே.

கட்சி மாறினாலே பதவி போகும் என்றும் எண்ணிவிடக் கூடாது. கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் உடன்பட்டு வேறொரு கட்சியுடன் இணைந்தால் சட்டம் அதை ஏற்கிறது. பதவிக்காலம் முடிந்து தேர்தலில் புதிய கட்சியில் நிற்பதற்குத் தடையே இல்லை.

தொகுதி நிதி யாருடைய பையில் இருக்கிறது

"கோடிக்கணக்கில் பணம் வருது, எங்கே போகுதுன்னு தெரியல" என்பது நான் அடிக்கடி கேட்கும் பேச்சு. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. அந்தப் பணம் உறுப்பினரின் கைக்கோ வங்கிக் கணக்குக்கோ வருவதில்லை. இந்த ஊரில் பள்ளிக்கு வகுப்பறை, அந்த ஊரில் வலை பின்னும் கூடம் என்று அவர் பரிந்துரை மட்டுமே செய்கிறார். மாவட்ட நிர்வாகம் மதிப்பீடு தயாரித்து, ஒப்புதல் அளித்து, ஒப்பந்தம் விட்டு வேலையை முடிக்கிறது.

ஆகவே கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும். எந்த வேலைகளைப் பரிந்துரைத்தீர்கள் என்பது உறுப்பினரிடம் கேட்க வேண்டியது. பரிந்துரைத்த வேலை ஏன் முடியவில்லை, சிமென்ட் ஏன் உதிர்கிறது என்பது மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது. இரண்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம்.

அமைச்சர் பதவி, நீண்ட வாழ்வு, முடிவு

எம்.எல்.ஏ. வேறு, அமைச்சர் வேறு. முதல் பதவியைத் தருவது வாக்காளர், இரண்டாவதைத் தருவது முதலமைச்சர். பேரவையின் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டுக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது என்பதால் தமிழ்நாட்டில் முதலமைச்சரோடு சேர்த்து 35 பேருக்கே இடம். 2016-இல் இராமநாதபுரத்தில் வென்ற மருத்துவர் மணிகண்டன் தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சரானார். 2019-இல் அமைச்சர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். தொகுதியின் உறுப்பினராகத் தொடர்ந்தார். தந்தவர் யாரோ அவரே திரும்பப் பெற முடியும் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

அமைச்சராகாமலும் நீண்ட அரசியல் வாழ்வு அமையலாம். கே.ஆர். இராமசாமி திருவாடானையில் 1989, 1991, 1996, 2001, 2006 என ஐந்து தேர்தல்களில் தொடர்ந்து வென்றார். நடுவில் இரண்டு முறை தமிழ் மாநில காங்கிரஸ், மற்ற மூன்று முறை காங்கிரஸ். 2016-இல் காரைக்குடியில் வென்று சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியின் தலைவராகவும் இருந்தார். ஐந்து தேர்தல்களிலும் ஆளுங்கட்சி மாறிக்கொண்டே இருந்திருக்கிறது, தொகுதி அவரை மாற்றவில்லை. தனித் தொடர்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பதவி முடியும் வழிகள் பல. ஐந்தாண்டு முடியலாம், பேரவை முன்கூட்டியே கலைக்கப்படலாம், உறுப்பினர் தாமே விலகலாம். பேரவையின் அனுமதியின்றி 60 நாட்கள் கூட்டங்களுக்கு வராதவரின் இடத்தைக் காலியானதாகப் பேரவை அறிவிக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர் தகுதியை இழக்கிறார். விடுதலையான பின்னும் ஆறு ஆண்டுகளுக்குப் போட்டியிட முடியாது.

ஒரு மனுவின் கதை

கடைசியாக, கையில் எடுத்துப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து தூண்டில் வளைவு கேட்டு ஆண்டுதோறும் மனு போய்க்கொண்டிருந்தது. "எங்கள் ஊரைக் கடலிடமிருந்து காப்பாற்றித் தருமாறு தங்கள் பாதம் பணிந்து" என்று தொடங்கும் மனு. ஒவ்வொரு முறையும் அதன் மேல் "உரிய நடவடிக்கைக்காக" என்று ஒரு முத்திரை விழும், அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்கு நகரும், அதோடு சரி.

ஓராண்டு, ஊரில் கல்லூரியில் படித்த பெண்கள் சிலர் அதைத் திருத்தி எழுதினார்கள். கடந்த சில ஆண்டுகளில் கடல் எத்தனை அடி உள்ளே வந்திருக்கிறது என்பதைப் பழைய கிணறு ஒன்றை அடையாளமாக வைத்து அளந்தார்கள். அலைக்கு நெருக்கமாக உள்ள வீடுகளை எண்ணினார்கள். புல எண்ணைக் குறிப்பிட்டார்கள். முடிவில் "காப்பாற்றித் தருக" என்பதை நீக்கிவிட்டு, "மீன்வளத் துறை மானியக் கோரிக்கையின்போது இக்கேள்வியைப் பேரவையில் எழுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதி, கேள்வியையும் இரண்டு வரியில் அவர்களே எழுதிக் கொடுத்தார்கள்.

கேள்வி போயிற்று. கள ஆய்வு செய்யப்படும் என்று பதில் வந்தது. பேரவையில் அமைச்சர் அளிக்கும் அப்படிப்பட்ட வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று தொடர்ந்து பார்ப்பதற்காகவே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அந்தப் பதிலின் நகலைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு ஊர்ப் பொதுக்கூடத்தின் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அளவெடுக்க அதிகாரிகள் வந்த தேதியை அதன் கீழே யாரோ நீல மையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த தேதிக்காக இடமும் விட்டிருக்கிறார்கள்.